வீடு வளவு விற்க முதல்: மூலதன ஆதாய வரி எப்படிக் கணக்காகிறது

கிழக்கிலங்கையில், கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு வளவுக்கு விலை பேசும்போது பேச்சு பெரும்பாலும் "கைக்கு எவ்வளவு" என்பதில்தான் நிற்கும். தரகர் காசு யாருடையது, உறுதிச் செலவு (காணிப் பத்திரம் எழுதும் செலவு) யாருடையது என்பதெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிடும். விற்கிறவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டிய மூலதன ஆதாய வரி மட்டும் அந்தப் பேச்சில் வருவதே குறைவு. காசு கைக்கு வந்து, பாதி கடனுக்கும் மீதி மகளின் வீட்டு வேலைக்கும் போனபிறகு வரிக்கணக்குப் பார்க்கத் தொடங்குகிறவர்கள்தான் சிக்குகிறார்கள். இந்த வரி எவ்வளவு வரும், வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிற கடதாசிகளில் முக்கால்வாசி, உறுதியில் கையெழுத்து வைக்க முதலே தேடி எடுக்கவேண்டியவை. அதனால் கணக்கை முதலில் விளங்கிக்கொள்வோம்.

வயதானவர்கள் "முந்தி இப்படி ஒரு வரி இருக்கவில்லையே" என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. 1958இல் இலங்கையில் வந்த இந்த வரி 2002இல் நீக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் 1 முதல் திரும்பவும் வந்தது. தனியாட்களுக்கு முதலில் 10 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதம். கம்பனிகளுக்கு வீதம் வேறு. இந்தக் கட்டுரை தனியாட்களைப் பற்றியது.

எதன்மேல் வரி?

விற்ற விலையின்மேல் வரி இல்லை. ஆதாயத்தின்மேல்தான் வரி. அதாவது விற்று வந்த தொகையிலிருந்து அந்தச் சொத்தின் அடக்கச் செலவை, அதாவது அதற்கு உங்களுக்கு ஆன செலவாகச் சட்டம் எடுக்கும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவது. ஒரு கோடிக்கு விற்ற வீட்டில் ஆதாயம் பத்து இலட்சமென்றால் வரி அந்தப் பத்து இலட்சத்தின்மேல் மட்டுமே.

எல்லாச் சொத்துக்கும் இந்த வரி பொருந்தாது. சட்டம் மூலதனச் சொத்து என்று எடுப்பது காணியும் கட்டிடமும், கம்பனிப் பங்கு, பங்குடைமையிலோ நம்பிக்கைப் பொறுப்பிலோ உள்ள உரித்து, பிணையங்களும் மற்ற நிதிச் சொத்துகளும், இவற்றின்மேல் உள்ள உரிமைகளும் ஆகும். வீட்டில் இருக்கும் தாலிக்கொடி, காப்பு, சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த வேன், மோட்டார் சைக்கிள் இந்தப் பட்டியலில் இல்லை. நகையை விற்று வந்த காசுக்கு மூலதன ஆதாய வரி கட்டவேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. நகையையோ வாகனத்தையோ வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு அது வியாபார வருமானம். அதன் வரி வேறு.

காணிக்கும் அதே விதிதான். ஏறாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னங்காணியை வாங்கி, பாதை விட்டு, பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து விற்பவர் முதலீட்டாளர் அல்ல, வியாபாரி. அவருக்கு அந்தத் துண்டுகள் கடைச் சரக்கு மாதிரி. 15 சதவீதத்தோடு முடிந்தது என்று அவர் நினைக்கக்கூடாது. அந்த இலாபம் வருமான வரியின் சாதாரணப் படிநிலைகளுக்குள் போகும். அதேபோல் வியாபாரத்தில் பாவித்து ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துவந்த ஆலைக் கட்டிடம், லொறி, உழவு இயந்திரம் போன்றவையும் வேறு கணக்கு.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிப் பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. பட்டியலிடாத தனியார் கம்பனிப் பங்குக்கு இல்லை. அறுகம்பையில் ஒரு ஹோட்டலைத் தனியார் கம்பனியாகப் பதிந்து நடத்தும் மூன்று பேரில் ஒருவர் தன் பங்கை விற்று விலகினால், அவருக்கு ஆதாய வரி வரும்.

இன்னுமொரு குழப்பம் வயலைப் பற்றியது. நெல் விற்ற வருமானமும் வயலையே விற்ற ஆதாயமும் ஒன்றல்ல. விவசாய வருமானத்துக்குக் கிடைக்கும் சலுகை எதையும் காட்டி வயற்காணி விற்ற ஆதாயத்தை மறைக்க முடியாது. சம்மாந்துறைக் கண்டத்து வயலும் மட்டக்களப்பு நகரத்து மாடிவீடும் இந்த வரியின் கண்ணில் ஒரே வகைதான்.

2017 செப்டெம்பர் 30

இந்த வரியில் ஒரு திகதியை மட்டும் மனப்பாடம் செய்ய முடியுமென்றால் அது இதுதான். 2017 செப்டெம்பர் 30 அன்று ஒரு சொத்து உங்களிடம் இருந்திருந்தால், அதன் அடக்கச் செலவாகச் சட்டம் எடுப்பது நீங்கள் வாங்கிய விலையை அல்ல, அந்த நாளில் அதற்கிருந்த சந்தைப் பெறுமதியை.

நம் பகுதிக்கு இது பெரிய நன்மை. 1978 சூறாவளி, போர்க்கால இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று மூன்று தடவை வீட்டுக் கடதாசிகள் நனைந்தும் எரிந்தும் அள்ளுண்டும் போன கரை இது. 1984இல் வாங்கிய விலைக்கோ, 1996இல் சுவர் எழுப்பிய செலவுக்கோ பில் தேடி அலையவேண்டியதில்லை. அந்தச் செலவெல்லாம் 2017இன் பெறுமதிக்குள் ஏற்கனவே அடங்கிவிட்டது. உங்களுக்கு வேண்டியது இரண்டு. அந்த நாளில் சொத்து உங்கள் பெயரில் இருந்ததற்கான சான்று ஒன்று. உறுதி தொலைந்திருந்தால் அது பதிவான காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். அந்த நாளுக்குரிய மதிப்பீட்டு அறிக்கை மற்றது.

மதிப்பீட்டு அறிக்கையைத் தகைமை பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர்தான் எழுதவேண்டும். பக்கத்து வளவு அப்போது என்ன விலை போனது என்று தரகர் சொன்ன வாய்க்கணக்கு செல்லாது. பலர் செய்யும் பிழை, வங்கிக் கடனுக்காக அண்மையில் எடுத்த மதிப்பீட்டைக் கொண்டுபோய் நீட்டுவது. அதில் இருப்பது இன்றைய பெறுமதி. உங்களுக்கு வேண்டியது 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிப் பெறுமதி, அந்தத் திகதி அறிக்கையில் எழுத்தில் இருக்கவேண்டும். பின்னோக்கி மதிப்பிடுவது மதிப்பீட்டாளர்களுக்கு வழமையான வேலைதான். அந்தக் காலத்தில் சுற்றுவட்டத்தில் முடிந்த உறுதிகளைப் பார்த்து எழுதுவார்கள். அன்றைக்கு வீடு எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் பழைய படம், நில அளவையாளரின் பிளான், கட்டிட அனுமதி ஏதும் இருந்தால் கொடுங்கள். வாங்குபவர் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கிய பிறகு மதிப்பீட்டாளரை அழைத்தால், இல்லாத வீட்டுக்கு அவர் எப்படி விலை எழுதுவார்?

2017 செப்டெம்பர் 30க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு இந்த வசதி இல்லை. வாங்கிய விலையே அடக்கம். அதைக் காட்டுவது உங்கள் உறுதி.

அடக்கத்தில் என்னென்ன சேரும்

வாங்கிய விலையோடு, வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வை, சட்டத்தரணிக்கும் நொத்தாரிசுக்கும் கொடுத்த கட்டணம், நில அளவைச் செலவு சேரும். பிறகு செய்த விரிவாக்கமும் சேரும். மேல்மாடி கட்டியது, அறை கூட்டியது, சுற்றுமதில் எழுப்பியது எல்லாம் இதில் அடங்கும். உரிமை வழக்கு நடந்து அதற்குச் செலவழித்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். விற்கும்போது தரகருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கொடுத்தது, பத்திரிகை விளம்பரச் செலவு ஆகியவையும் கழியும்.

வங்கிக் கடன் கழியாது. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டை விற்ற காசில் முப்பது இலட்சம் வங்கிக்குப் போனால் கைக்கு வந்தது குறைவுதான். ஆதாயம் அதனால் குறையாது. விற்ற காசைக் கொண்டு வேறு காணி வாங்கினேன் என்பதும் வரியைக் குறைக்காது. பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கத்தைக் கூட்டிக் காட்டும் முறையும் நம் சட்டத்தில் இல்லை. 2017இல் 45 இலட்சம் என்றால் இன்றைக்கும் அது 45 இலட்சம்தான். 2022இல் ரூபாய் எப்படி விழுந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகப் படாது, எங்களுக்கும் படவில்லை. ஆனாலும் கணக்கு அப்படித்தான் போகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கல்லடியில் 20 பேர்ச்சில் ஒரு வீடு. 2017 செப்டெம்பர் 30 மதிப்பீடு 4,500,000 ரூபாய். 2020இல் மேல்மாடி கட்டிய செலவு 2,200,000, பற்றுச்சீட்டு எல்லாம் உண்டு. 2025 யூலையில் 11,000,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். தரகருக்கும் மதிப்பீட்டாளருக்கும் சேர்த்து 250,000. இது அவர்களுக்கு வாடகைக்கு விட்ட இரண்டாவது வீடு என்று வைத்துக்கொள்வோம்.

அடக்கம் 6,950,000. ஆதாயம் 4,050,000. அதன் 15 சதவீதம் 607,500 ரூபாய்.

இப்போது அதே வீடு, அதே விலை. மேல்மாடிக்கு மேசனுக்கும் ஓடாவிக்கும் கையில் காசாகக் கொடுத்ததால் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆதாயம் 6,250,000 ஆக ஏறும், வரி 937,500. ஒரு பில் கட்டு இல்லாததற்கு 330,000 ரூபாய் விலை. கல், சீமெந்து, கம்பி வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு, மேசன் கையெழுத்து வைத்த கூலிச் சீட்டு, வங்கியிலிருந்து எடுத்த காசின் பதிவு, பிரதேச சபை அனுமதித்த கட்டிட வரைபடம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். கடைப் பில்லின் மை இரண்டு வருடத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுப்பது நல்லது.

காணியில் ஒரு துண்டை மட்டும் விற்றால்

ஆரையம்பதியில் பிரதான வீதியைப் பார்த்த 40 பேர்ச் வளவு. 2017 மதிப்பீடு 40 இலட்சம். முன்பக்கம் 10 பேர்ச்சை மட்டும் விற்கிறார்கள். பலர் போடும் கணக்கு, நாலில் ஒரு பங்கு விற்றோம், அடக்கமும் நாலில் ஒரு பங்கு, பத்து இலட்சம். அப்படியல்ல. அடக்கத்தைப் பிரிப்பது பரப்பளவின்படி இல்லை, பெறுமதியின்படி. விற்கும் நேரத்தில் முன்துண்டின் பெறுமதி 50 இலட்சம், பின்னால் மிஞ்சும் 30 பேர்ச்சின் பெறுமதியும் 50 இலட்சம் என்றால், அடக்கத்தில் பாதி, அதாவது 20 இலட்சம், விற்ற துண்டுக்கு வரும். பத்து இலட்சம் ஆதாயம் குறைந்தால் வரியில் 150,000 ரூபாய் மிச்சம். மதிப்பீட்டாளரிடம் இரண்டு துண்டுக்கும் தனித்தனியே பெறுமதி எழுதித் தரக் கேளுங்கள். மிஞ்சிய துண்டைப் பிறகு விற்கும்போது அதன் அடக்கம் மற்றப் பாதிதான் என்பதையும் இன்றைக்கே குறித்து வையுங்கள்.

குடியிருந்த வீட்டுக்கு விலக்கு, அதன் நிபந்தனையும்

தனியாள் ஒருவர் தான் பிரதானமாகக் குடியிருந்த வீட்டை விற்றால் ஆதாயத்துக்கு வரி இல்லை. நிபந்தனை இரண்டு. விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் தொடர்ச்சியாக அவர் அதன் உரிமையாளராக இருந்திருக்கவேண்டும். அந்த மூன்று வருடத்துக்குள் குறைந்தது இரண்டு வருடம், நாள் கணக்கில், அவர் அங்கே வசித்திருக்கவேண்டும்.

உரிமையும் வசிப்பும் ஒரே ஆளில் சேரவேண்டும் என்பது இதன் உயிர். நம் பகுதிக் குடும்பங்களில் பிசகுவதும் இங்கேதான். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனதும் தாய் தகப்பன் அந்த வீட்டை விட்டு அடுத்த பிள்ளைக்கென்று கட்டிய வீட்டுக்குப் போவார்கள். வீடு வாயால் மாறிவிடும், உறுதி பல வருடத்துக்குத் தாயின் பெயரிலேயே கிடக்கும். இப்போது அந்த வீட்டை விற்றால் யார் விற்கிறார்? உறுதியின்படி தாய். தாய் அங்கே வசிக்கவில்லை. மகள் வசித்தாள், அவள் உரிமையாளர் அல்ல. விலக்கு ஒருவருக்கும் கிடைக்காது.

உறுதியை அவசரமாக மகள் பெயருக்கு மாற்றி அடுத்த மாதமே விற்பதும் உதவாது. மூன்று வருட உரிமை உறுதித் திகதியிலிருந்துதான் ஓடும். 2023 யூன் 10இல் நன்கொடை உறுதி முடிந்திருந்தால், அதே வீட்டில் அவள் பதினைந்து வருடம் குடியிருந்திருந்தாலும், 2026 மார்ச்சில் விற்றால் விலக்கு இல்லை. யூன் 10 கடக்கும்வரை பொறுத்தால் உண்டு. வாங்குபவர் அட்வான்ஸ் தந்து காத்திருக்கச் சம்மதிப்பார் என்றால், மூன்று மாதப் பொறுமை பல இலட்சத்தை மிச்சம் பிடிக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தாய் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்து, தாய் அங்கேயே இருக்க, மகள் கணவனோடு கொழும்பிலோ கட்டாரிலோ இருந்தால் வசிப்பு நிபந்தனை மகளுக்கு நிறைவேறாது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் "என் ஒரே வீடு அதுதான்" என்று சொல்வார்கள். ஒரே வீடு என்பது போதாது. முந்திய மூன்று வருடத்தில் இரண்டு வருடம் அங்கே இருந்திருக்கவேண்டும். வாடகைக்கு விட்ட வீடு, பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு இவற்றுக்கும் விலக்கு இல்லை.

வசித்ததைக் காட்ட வாக்காளர் இடாப்பின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், மின்சார, தண்ணீர் பில்கள், பிள்ளையின் பாடசாலைப் பதிவு ஆகியவை உதவும். மின்சார பில்லில் யூனிட்டும் இருக்கும். மாதாமாதம் நாலைந்து யூனிட் மட்டும் ஓடிய வீட்டில் ஒரு குடும்பம் வசித்தது என்று காட்டுவது கடினம்.

சகோதரர்கள் சேர்ந்து விற்கும்போது

தகப்பன் 2012இல் இறந்தார். கல்முனையில் ஒரு வீடு, நாலு பிள்ளைகளுக்கும் சமமான பிரிபடாத பங்கு. மூன்று பேர் வெளியூரில், ஒரு தங்கை மட்டும் அங்கேயே குடியிருக்கிறாள். 2017 மதிப்பீடு 80 இலட்சம், இப்போது விற்பது 1 கோடி 60 இலட்சத்துக்கு. மற்றச் செலவுகளை விட்டுவிட்டால் ஆதாயம் 80 இலட்சம், ஆளுக்கு 20 இலட்சம்.

வரி குடும்பத்துக்கு இல்லை, ஆளுக்கு. மூன்று பேருக்கும் ஆளுக்கு 300,000 ரூபாய் வரும். தங்கைக்கு, மேலே சொன்ன இரண்டு நிபந்தனையும் நிறைவேறியிருப்பதால், தன் பங்கில் வரி இல்லை. மூத்தவர் ஒருவர் பெயரில் எல்லாவற்றையும் காட்டிக் கட்டிவிடுவோம் என்று இறங்கினால் தங்கையின் விலக்கு வீணாகி, 900,000 கட்டவேண்டிய இடத்தில் 1,200,000 போய்விடும். முஸ்லிம் குடும்பமென்றால் பங்கு விகிதம் வேறு, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. முதலில் பங்கை எழுத்தில் சரிசெய்துவிட்டுத்தான் ஆதாயத்தைப் பிரிக்கவேண்டும்.

ஒருவர் இறந்து சொத்து பிள்ளைக்கு வருவது, அந்த நேரத்தில் ஆதாயமாகக் கணக்காகாது. பிள்ளை பிறகு அதை விற்கும்போதுதான் வரி எழும். நன்கொடை அப்படியல்ல. நன்கொடையும் உரிமை மாற்றம்தான், காசு கைமாறவில்லை என்பதால் மட்டும் அது இந்த வரியின் எல்லைக்கு வெளியே போய்விடாது. காணியோடு காணி மாற்றுவதும் இப்படித்தான். நன்கொடை உறுதி எழுத முதல் சட்டத்தரணியோடு வரி தெரிந்த ஒருவரையும் கேளுங்கள்.

விலையைக் குறைத்து எழுதுவது

முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் பாதி விலை எழுதும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. முத்திரைத் தீர்வை வாங்குபவர் மாகாண சபைக்குக் கட்டுவது, ஆதாய வரி விற்பவர் மத்திய அரசுக்குக் கட்டுவது. இரண்டும் வேறு. "முத்திரை கட்டியாச்சு, வரி முடிஞ்சுது" என்று விற்பவர் நினைப்பதும் இந்தக் குழப்பத்தால்தான்.

கணக்குப் பார்ப்போம். 80 இலட்சத்துக்கு வாங்கிய வளவுக்கு உறுதியில் 40 இலட்சம் எழுதுகிறார்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். மறைத்த 40 இலட்சத்துக்கு மிச்சமானது 160,000 ரூபாய். ஐந்து வருடம் கழித்து அவரே அதை விற்கும்போது அவரது அடக்கம் உறுதியில் உள்ள 40 இலட்சம். கொடுத்த மற்ற 40 இலட்சத்துக்கு ஆதாரம் இல்லை. அந்த 40 இலட்சமும் ஆதாயமாக நின்று 15 சதவீதத்தில் 600,000 ரூபாய் வரி கேட்கும். விற்பவருக்கும் இதில் இலாபமில்லை. காணிக்கும் கட்டிடத்துக்கும் எழுதிய விலையைவிட மதிப்பிட்ட பெறுமதி கூட என்றால் கூடியதே கணக்கில் வரும். இது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வாங்குபவர் தனக்குத்தானே குழி வெட்டுகிற வேலை.

சின்ன ஆதாயம் பற்றிய தப்பபிப்பிராயம்

இலங்கையில் வதியும் தனியாளுக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. ஒரு விற்பனையில் ஆதாயம் 50,000 ரூபாயைத் தாண்டாமலும், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வரி ஆண்டில் இப்படியான மொத்த ஆதாயம் 600,000 ரூபாயைத் தாண்டாமலும் இருந்தால் வரி இல்லை. "ஆறு இலட்சம் வரை வரி இல்லை" என்று இது ஊரில் உலவுகிறது. அது பிழை. ஒரு வளவு விற்று 500,000 ரூபாய் ஆதாயம் வந்தால், அது 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, முழுவதற்கும் வரி, 75,000 ரூபாய். வருடத்துக்கு 1,800,000 ரூபாய் தனிநபர் நிவாரணமும் இந்த ஆதாயத்திலிருந்து கழியாது. சம்பளம், வியாபாரம் எதுவும் இல்லாத விதவைத் தாய் விற்றாலும் இதே 15 சதவீதம்தான்.

பேர்மிட் காணி

அம்பாறை உட்பகுதியிலும் படுவான்கரையிலும் நிறையக் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப் பத்திரத்தில் (பேர்மிட்) அல்லது அளிப்புப் பத்திரத்தில் (கிராண்ட்) இருப்பவை. பேர்மிட் காணியைத் தனியார் உறுதிக் காணி போல விற்க முடியாது. அளிப்புப் பத்திரக் காணிக்கும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். வெள்ளைக் கடதாசியில் எழுதி, அட்டோர்னித் தத்துவம் (ஒருவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துக் கைமாறும் காணிகளில் வரிக்கணக்கு இரண்டாவது பிரச்சினை. வரி கட்டிய பற்றுச்சீட்டு, இல்லாத உரிமையை உண்டாக்காது. முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள்.

கட்டும் வழி

காலக்கெடு குறுகியது. ஆதாயம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விவரத்திரட்டையும் (ஆதாயத்தைக் காட்டும் வரிப் படிவம்) கொடுத்து வரியையும் கட்டவேண்டும். வருட முடிவில் சேர்த்துக் காட்டலாம் என்று விடக்கூடாது. நடைமுறையில் உறுதி முடிந்த நாளிலிருந்தே நாளை எண்ணுங்கள்.

முதலில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் வேண்டும். தேசிய அடையாள அட்டையோடு இணையத்தில் எடுக்கலாம், மட்டக்களப்பில் உள்ள இறைவரிப் பிராந்திய அலுவலகத்திலும் கேட்கலாம். பங்காளிகள் நாலு பேரென்றால் நாலு டின். வெளிநாட்டில் இருப்பவருக்கு எடுப்பதற்கு நாள் செல்லும், ஆகவே விலை பேசும் வாரத்திலேயே தொடங்குங்கள். அவர் சார்பில் கையெழுத்து வைக்கிறவரின் அட்டோர்னித் தத்துவத்தில் வரி அலுவல்களையும் செய்யும் அதிகாரம் எழுதியிருக்கவேண்டும். விற்க மட்டும் அதிகாரம் கொடுத்த பத்திரத்தோடு போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

விவரத்திரட்டோடு உறுதிகளின் பிரதி, 2017 மதிப்பீடு, இன்றைய மதிப்பீடு, செலவுப் பற்றுச்சீட்டுகளைச் சேருங்கள். இணைய வழியாகவோ வங்கியிலோ பணம் கட்டும்போது டின், வரியின் வகை, காலப்பகுதி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பாருங்கள். வருமான வரிக் கணக்கில் தவறுதலாகப் போன காசை மாற்றி எடுக்க மாதங்கள் போகும், அதுவரை ஆதாய வரி கட்டாததாகவே நிற்கும்.

பிந்தினால் கட்டாத தொகைக்கு மாதம் 1.5 சதவீத வட்டி, அதோடு 20 சதவீதத் தண்டம் வரலாம். விவரத்திரட்டைப் பிந்திக் கொடுப்பதற்குத் தனித் தண்டம், அது 50,000 ரூபாயிலிருந்து தொடங்கி மாதத்தோடு ஏறும். சின்ன வளவு விற்றவருக்கு வரியைவிடத் தண்டம் பெரிதாகிவிடும்.

உறுதி முடியும் அன்றைக்கே, வந்த காசில் கணக்குப் பார்த்த வரித் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். வாங்குபவரோடு "கைக்கு இவ்வளவு" என்று பேசியிருந்தால், வரியை அவர் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்படி எழுதினாலும் திணைக்களம் தேடி வருவது விற்றவரைத்தான். ஆகவே அந்தக் காசும் உறுதியில் கையெழுத்து வைக்கும் மேசையிலேயே வாங்கப்படவேண்டும்.